பத்தொன்பதாவது மூச்சு

அத்தியாயம் 14

வேலைக்குப் போவதாகச் சொல்லிவிட்டுக் காலையில் கிளம்பிய பெரியவள், மத்தியானம் இரண்டே காலுக்குச் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, தன் வீட்டுப் பின்பக்கத்து இரும்புப் படியில் பூனை போல ஏறிக்கொண்டிருந்தாள்.

நாற்பதை நெருங்குகிறவள் செய்கிற காரியமா இது என்று அவளுக்கே வெட்கமாக இருந்தது. வேறு வழி தெரியவில்லை. நாளைக் காலை பத்து மணிக்கு அம்மாவை மனநல மருத்துவரிடம் அழைத்துப் போக நேரம் வாங்கியிருக்கிறாள். அதற்குள் ஒரு விஷயத்தைத் தன் காதால் கேட்டுத் தீர்த்துக்கொள்ள வேண்டும். அம்மாவுக்குப் புத்தி தடுமாறிவிட்டதா, இல்லையா?

பெரியவளின் தம்பி, சின்னவன், இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு மழை நாளில் லாரியில் அடிபட்டுப் போனதை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். மொட்டை மாடியில் அவன் இருந்த அறையை அன்றைக்குப் பூட்டியது பூட்டியதுதான். சாவி தொலைந்துவிட்டது என்றார் அப்பா. யாரும் தேடவில்லை. இப்போது மூன்று வாரமாகப் புதன்கிழமை ஆனால் அம்மா ஒரே பல்லவியைப் பாடுகிறாள்.

"மூணு மணிக்கு மேல சத்தம் கேட்டுது. அவன் வந்திருக்கான்."

என்ன சத்தம் என்று கேட்டால், பலூன் உடைகிற சத்தம் என்கிறாள்.

பெரியவளால் இதைச் சிரித்து ஒதுக்க முடியவில்லை. அவள் பிழைப்பே காதுதான். ஒலி புகாத சின்ன அறையில் ஆட்களை உட்காரவைத்து, யாருக்கு எது கேட்கிறது, எது கேட்கவில்லை என்று பரிசோதிக்கிற வேலை. அம்மாவின் காதையும் அவளே பரிசோதித்திருக்கிறாள். காதுக்கருவி இல்லாவிட்டால் காலடியில் பாத்திரம் விழுந்தாலும் அம்மாவுக்குத் தெரியாது. அந்தக் கருவியோ மூன்று வாரமாகப் பழுதாகிப் பெரியவளின் மேஜை இழுப்பறையில் கிடந்தது. மாடியில் எது வெடித்தாலும் அம்மா காதில் விழ வழியே இல்லை.

ஆனாலும் பலூன் என்று சொன்னாளே, அதுதான் பெரியவளை விடவில்லை. சின்னவன் உயிரோடு இருந்தபோது அந்த அறையில் பலூன்தான் உடைத்துக்கொண்டிருந்தான்.

இணையத்தில் அதற்கென்றே ஒரு கூட்டம் இருக்கிறது. பலூன் ஊதுகிறதையும் அது உடைகிறதையும் படம்பிடித்துப் போடுகிறவர்கள், அதை உட்கார்ந்து பார்க்கிறவர்கள். கேட்டால் பைத்தியக்காரத்தனம் என்று தோன்றும். பெரியவளுக்கும் அப்படித்தான் தோன்றியது. உள்ளே போய்ப் பார்த்தால் அங்கேயும் கட்சி, சண்டை, சட்டதிட்டம் எல்லாம் உண்டு. உடைக்கிற கட்சி ஒன்று, உடைக்காத கட்சி ஒன்று. உடைக்கிறவர்களுக்குள்ளும் வாயால் ஊதியே உடைக்க வேண்டும் என்பவர்கள் ஊசி வைப்பவர்களை மனுஷராகவே மதிப்பதில்லை. உடைக்காத கட்சிக்காரர்கள் முடிச்சுப் போடாமல் கிளிப் மாதிரி ஒரு கவ்வி மாட்டி, அதே பலூனை மாதக்கணக்கில் செல்லமாக வைத்துக்கொள்வார்கள். இரண்டு கட்சியிலும் பாதிப்பேர் சின்ன வயதில் பலூன் என்றாலே அலறி ஓடியவர்கள்.

சின்னவனும் அப்படி ஓடியவன்தான். ஐந்து வயதில் யாரோ ஒரு குழந்தையின் பிறந்தநாளில் பலூன் வெடித்ததற்கு மேஜைக்கடியில் புகுந்தவனை இழுத்து வெளியே கொண்டுவர ஒரு மணி நேரம் ஆனது. அம்மா அப்போது ரப்பர் கையுறைத் தொழிற்சாலையில் இருந்தாள். கையுறையில் காற்றடைத்து, வாயை இரண்டு விரலால் இறுக்கிப் பிடித்து, காதருகே வைத்து ஓட்டை இருக்கிறதா என்று கேட்டுச் சொல்கிற வேலை. கழித்துப்போட்ட கையுறைகளை வீட்டுக்குக் கொண்டுவந்து, அவனை மடியில் வைத்துக்கொண்டு ஊதிக் காட்டி, காதில் வைத்துக் கேட்கச் சொல்லிச் சொல்லியே அந்தப் பயத்தைப் போக்கினாள்.

பயம் போனது. ஆசை வந்து உட்கார்ந்துகொண்டது. வளர்ந்து வேலைக்குப் போன பிறகு 'பத்தொன்பது மூச்சு' என்ற பெயரில் படம் போட ஆரம்பித்தான். முகம் தெரியாது. வெள்ளைத் துணி கட்டிய சுவர், அதில் அவன் நிழல், கையுறை போட்ட இரண்டு கைகள், பதினாறு அங்குலப் பலூன் ஒன்று. ஏழாவது மூச்சில் நிறுத்துவான். பலூனைக் காதருகே கொண்டுபோய்க் கேட்பான். பிறகு தொடர்ந்து ஊதி, சரியாகப் பத்தொன்பதாவது மூச்சில் உடைப்பான். அதற்கு நாலாயிரம் ரசிகர்கள் இருந்தார்கள்.

அப்பாவுக்கு விஷயம் தெரிந்த அன்று வீடு இரண்டுபட்டது. லிஃப்ட் மெக்கானிக்காக முப்பத்திரண்டு வருஷம் வேலை பார்த்து, ஒரு நாளும் தலைகுனியாதவர். வளர்ந்த பையன் பலூன் ஊதி ஊருக்குக் காட்டுகிறான் என்பதை அவரால் ஜீரணிக்க முடியவில்லை. பெட்டி பெட்டியாகப் பலூனைக் குப்பையில் கொட்டினார். அதற்குப் பிறகு எட்டு மாதம் அப்பனும் மகனும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. ஒன்பதாவது மாதம் லாரி வந்தது.

பெரியவள் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்தாள். சிமெண்டுத் தரை சுட்டது. கீழே தெருவில் யாரோ வண்டியைக் கிளப்ப முடியாமல் உதைத்துக்கொண்டிருந்தார்கள். எதற்கும் இருக்கட்டும் என்று காலையிலேயே சரிசெய்து வாங்கிவந்த காதுக்கருவி கைப்பையில் இருந்தது.

மூன்று மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது இரும்புப் படி அதிர்ந்தது.

சத்தியமாகச் சொல்ல வேண்டுமென்றால் அந்த ஒரு கணம் தம்பிதான் வருகிறான் என்று நினைத்தாள். சின்னவன் இரண்டிரண்டு படியாகத் தாவி வருவான். இந்தக் காலடி ஒவ்வொரு படியாக, நின்று நின்று வந்தது. கடைசிப் படியில் ஒரு பெருமூச்சு. எட்டிப் பார்த்தாள்.

குடையை அக்குளில் இடுக்கிக்கொண்டு அப்பா நின்றிருந்தார்.

புதன்கிழமை மத்தியானம் நூலகத்துக்குப் போகிறேன் என்று மாதக்கணக்காகக் குடையோடு கிளம்பிப் போகிற அதே அப்பா. குடையை விரித்து, உள்கம்பியில் கட்டியிருந்த சாவியை அவிழ்த்து, பூட்டைத் திறந்து உள்ளே போனார்.

பெரியவள் ஜன்னல் ஓரமாக வந்து நின்றாள். அறை அப்படியே இருந்தது. வெள்ளைத் துணி, மேஜை, தாங்கியில் சின்னவனின் போன், ஒரு பிஸ்கட் டப்பா. புதிதாகக் காலால் மிதிக்கிற பம்பு ஒன்று. அப்பா காதில் பஞ்சை அடைத்துக்கொண்டார். கையுறையை மாட்டினார். போனில் எதையோ அமுக்கிவிட்டு, பலூனைப் பம்பில் செருகி மிதிக்க ஆரம்பித்தார்.

பலூன் பெருத்தது. முதலில் உருண்டையாக, பிறகு கழுத்துப் பக்கமும் உப்பி, பேரிக்காய் வடிவத்துக்கு வந்தது. இதற்கு மேல் தாங்காது என்று யாருக்கும் தெரிகிற கட்டம். அப்பா முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு, கண்ணை இறுக மூடி, ஊசியால் குத்தினார்.

சத்தம் கேட்டது. அம்மா சொன்ன அதே சத்தம்.

அப்பா கேமராவை நிறுத்திவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்து, கிழிந்த ரப்பர்த் துண்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி மடியில் வைத்துக்கொண்டார். பெரியவளுக்குக் கோபம்தான் வந்திருக்க வேண்டும். வரவில்லை. கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

அவர் திடுக்கிடவில்லை. காதில் இருந்த பஞ்சை எடுத்துவிட்டு, உட்காரும்மா என்றார், மகள் தினமும் அங்கே வந்து போகிறவள் மாதிரி.

சின்னவனின் இணையப் பக்கத்தை மூடிவிடத்தான் முதலில் போனைத் திறந்தாராம். உள்ளே மூட்டை மூட்டையாகச் செய்திகள். எங்கே போனாய், உடம்பு சரியில்லையா, உன் மூச்சைக் கேட்டால்தான் எனக்குத் தூக்கம் வரும், ஒரு வார்த்தை எழுது. பெற்ற அப்பன் எட்டு மாதம் கேட்காத கேள்வியை முகம் தெரியாத நாலாயிரம் பேர் கேட்டிருந்தார்கள். மூட மனசு வரவில்லை. செத்துவிட்டான் என்று எழுதவும் கை வரவில்லை. ஒரு பலூனை வாங்கி வந்தார்.

"எனக்கு மூச்சு பத்தாது. அதான் பம்பு. குத்தறதுக்கு ஊசி. திட்டித் தீக்கறானுங்க. நீ மாறிட்டே, நேர்மையே இல்லன்னு எழுதறானுங்க. திட்டட்டும். அவன் இருக்கான்னு நினைச்சுத்தானே திட்டறானுங்க."

பெரியவள் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். மனசின் ஒரு மூலையில் நிம்மதி எட்டிப் பார்த்தது. சத்தம் நிஜம். அம்மாவுக்குப் புத்தி தெளிவாகத்தான் இருக்கிறது. மருத்துவரை வேண்டாம் என்று சொல்லிவிடலாம்.

அந்த நிம்மதி ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை. கருவி இல்லாத காதுக்கு இந்தச் சத்தம் எப்படிக் கேட்டது? அதை அவள் யோசித்து முடிக்கும் முன்பே அப்பா குரலைத் தணித்துக்கொண்டார்.

"புதன்கிழமை போடறதெல்லாம் நான்தான். ஆனா ஞாயித்துக்கிழமை ஒண்ணு வந்திருக்கு. அது நான் இல்லம்மா."

போன ஞாயிற்றுக்கிழமை அவரும் அவளும் புது மின்விசிறி வாங்கக் கடைத்தெருவுக்குப் போயிருந்தார்கள். குடையும் சாவியும் வீட்டில் இருந்தன. திரும்பி வந்த மறுநாள் அப்பா போனைத் திறந்தால் புதிதாக ஒரு படம். கீழே ரசிகர்கள் கொண்டாடித் தீர்த்திருந்தார்கள். பழைய ஆள் திரும்பி வந்துவிட்டான், வாயால் ஊதியிருக்கிறான், ஏழாவது மூச்சில் நிறுத்தியிருக்கிறான் என்று.

"அவனுக்கு மட்டும்தானே அது தெரியும்? வேற யாரால அப்படி ஊத முடியும்?" என்றார் அப்பா. கயிறும் சக்கரமும் தவிர எதையும் நம்பாத மெக்கானிக் அவர்.

பெரியவள் போனை வாங்கிப் பார்த்தாள். சுவரில் நிழல். கையுறைக் கைகள். மூச்சுச் சத்தம் நீளமாக, அவசரமில்லாமல் வந்தது. தொழில் பழக்கத்தில் எண்ணத் தொடங்கினாள். ஏழில் நின்றது. பிறகு எட்டு, ஒன்பது. பதினெட்டாவது மூச்சோடு ஊதுவது நின்றுவிட்டது. கைகள் பலூனை அணைத்தபடி இருந்தன. அப்படியே படம் முடிந்தது. அந்தப் பக்கத்தில் உடையாத பலூன் அது ஒன்றுதான்.

பலூன் நீல நிறம். அதைப் பார்த்ததும் அப்பா பிஸ்கட் டப்பாவைக் காட்டினார். சின்னவன் கடைசியாக ஊதி, முடிச்சுப் போடாமல் கவ்வி மாட்டி வைத்திருந்த நீலப் பலூன் அதற்குள்தான் இருந்ததாம். உடைக்காத கட்சியில் 'நூல்கண்டு' என்ற பெயரில் ஓர் ஆள். எனக்காக ஒரே ஒரு தடவை உடைக்காமல் விடு என்று வருஷக்கணக்காகக் கெஞ்சிய ஆளுக்கு, உன் பிறந்தநாளுக்குச் செய்கிறேன் என்று சின்னவன் எழுதிக் கொடுத்திருக்கிறான். அதற்காக ஊதிப் பார்த்து வைத்தது. இரண்டு வருஷத்தில் அது சுருங்கி, உள்ளங்கையில் அடங்குகிற அளவுக்கு ஆகிவிட்டது. புதன்கிழமைதோறும் அப்பா டப்பாவைத் திறந்து அதைப் பார்த்துவிட்டு மூடுவார். தொடமாட்டார்.

இப்போது திறந்தார். டப்பா காலியாக இருந்தது.

அறையில் பலூன் மேல் தடவுகிற வெள்ளைப் பவுடரின் வாசனை இருந்தது. சின்னவன் சாப்பிட உட்காரும்போது அவன் சட்டையில் அடிக்கிற வாசனை. பெரியவள் தன்னையறியாமல் கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்துக்கொண்டாள்.

அந்த நேரம் பார்த்துப் போன் அவள் கையில் அதிர்ந்தது. நூல்கண்டிடமிருந்து செய்தி.

'சொன்ன சொல்லைக் காப்பாத்திட்ட. சனிக்கிழமை உங்க ஊர்ப் பக்கம் வரேன். ஒரே ஒரு தடவை நேர்ல பாக்கலாமா?'

அவள் வேண்டாம் என்பதற்குள் அப்பா போனை வாங்கி, ஒற்றை விரலால் தடவித் தடவி, 'வா' என்று எழுதி அனுப்பிவிட்டார். ஏன்ப்பா என்று கேட்டதற்கு, அவனைப் பாக்க வரவங்களைத் தடுக்க எனக்கு என்ன யோக்கியதை இருக்கு என்றார். சனிக்கிழமைக்கு மூன்று நாள்தான் இருந்தது.

பெரியவள் போனைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். படத்தை மறுபடி ஓடவிட்டாள். இந்தத் தடவை கையைப் பார்க்காமல் நிழலை மட்டும் பார்த்தாள். முதல் மூச்சுக்கு முன்பே பலூனில் ஒரு பிடி காற்று இருந்தது. கைகள் கவ்வியை எடுத்த விதமும் வேறு. இரண்டு விரல் பலூன் கழுத்தை இறுக்கிக்கொண்ட பிறகுதான் மற்றக் கை கவ்வியை விட்டது. ஏழாவது மூச்சில் நிழல் பலூனைத் தூக்கியது. சின்னவன் காதுக்குக் கொண்டுபோவான். இந்த நிழல் காதைத் தாண்டவிட்டு, கன்னத்தில் வைத்து மெல்லத் திருப்பியது.

கையுறைத் தொழிலில் காது கேட்காதவர்கள் ஓட்டையைக் கன்னத்தில் படுகிற காற்றை வைத்துத்தான் தேடுவார்கள். தொழிற்சாலை இரைச்சலில் காது மங்கிய பிறகும் ஆறு வருஷம் ஒரு கையுறைகூடத் தப்பவிடாமல் ஒருத்தி அப்படித்தான் வேலை பார்த்தாள்.

செருப்பை அங்கேயே விட்டுவிட்டுப் பெரியவள் படியிறங்கினாள்.

சமையலறையில் அம்மா டீ போட்டுக்கொண்டிருந்தாள். மேடை மேல் மூன்று டம்ளர். அவளுக்கு நேர் எதிரே ஜன்னல், ஜன்னலுக்கு வெளியே இரும்புப் படி. பெரியவள் அந்த ஜன்னலையும் படியையும் மாறி மாறிப் பார்த்தாள். இத்தனை வருஷம் அந்த வீட்டில் இருந்தும் இது அவளுக்குத் தோன்றவேயில்லை.

கைப்பையிலிருந்து கருவியை எடுத்து அம்மாவின் காதில் மாட்டிவிட்டாள்.

"நீ செருப்பக் கையில தூக்கிட்டு ஏறினதையும் பாத்தேன்" என்றாள் அம்மா. "தொட்டி பக்கம் வெயில் சுட்டிருக்குமே."

சத்தம் எதுவும் காதில் விழுந்ததில்லை என்று அவளே சொன்னாள். ஒவ்வொரு புதன்கிழமையும் முன்வாசல் வழியாகப் போன மனுஷன் பின்படியில் ஏறுவதைப் பார்த்திருக்கிறாள். ஒரு நாள் பின்னாலேயே போய்க் கதவிடுக்கில் நின்றாள். எந்தப் பொத்தானை அமுக்குகிறார், சாவியை எங்கே கட்டுகிறார், டப்பாவைத் திறந்து எதைப் பார்க்கிறார், எல்லாம் பார்த்துக்கொண்டாள். அப்பாவாக வாய் திறந்து சொல்லட்டும் என்றுதான் சத்தம் கேட்டுது, சத்தம் கேட்டுது என்று மூன்று வாரம் சொல்லிப் பார்த்தாளாம். அவர் சொல்லவில்லை. மகளோ மருத்துவரிடம் நேரம் வாங்கினாள்.

பெரியவளுக்கு அவமானத்தில் கண்ணில் நீர் வந்துவிட்டது. அம்மா அடுப்பை அணைத்துவிட்டு அவளைத் தன் அறைக்குக் கூட்டிப் போனாள்.

அலமாரியில் மடித்து வைத்த துணிகளுக்கு நடுவே, வெளிச்சம் படாமல், நீலப் பலூன் இருந்தது. படத்தில் பார்த்ததைவிடச் சிறுத்திருந்தது. மூன்றே நாளில் கழுத்துப் பக்கம் சுருக்கம் விழ ஆரம்பித்திருந்தது. அம்மாவின் உதட்டோரத்தில் வெள்ளைப் பவுடர் லேசாக ஒட்டியிருந்ததைப் பெரியவள் அப்போதுதான் பார்த்தாள். இன்றைக்கும் பலூனில் வாய் வைத்திருக்கிறாள். ஆனால் ஊதியதாகத் தெரியவில்லை, முத்தம் கொடுத்திருக்க வேண்டும்.

"ரொம்பச் சின்னதா ஆயிட்டே வந்துது. எங்க ஒண்ணுமில்லாம போயிடுமோன்னு பயமா இருந்துச்சு. அதான் என்னோட மூச்சையும் போட்டு வச்சேன். கவ்வி எடுக்கறப்போ உள்ள இருந்ததுல ஒரு பொட்டுக்கூட வெளிய விடல."

"பதினெட்டுலயே நிறுத்திட்டியேம்மா" என்றாள் பெரியவள்.

அம்மா பலூனை எடுத்துக் கன்னத்தில் வைத்து மெல்லத் திருப்பிப் பார்த்தாள். பிறகு மகளைப் பார்த்து, இதுகூடத் தெரியலையா என்கிற மாதிரி சொன்னாள்.

"பத்தொன்பதாவது உள்ள இருக்கே. அது அவனோடது."